அயலவரின் அலகுகள்: மின்சிக்கனத்தில் ஒப்பீடு செய்யும் வேலை

இலங்கையின் வன்னிப் பெருநிலப்பரப்பிலுள்ள வீட்டுத்திட்டக் கிராமம் ஒன்றில் ஒரே வரைபடத்தின்படி கட்டப்பட்டு, ஒரே மின்மாற்றியிலிருந்து மின்சாரம் பெற்று, நான்கு பேர் கொண்ட குடும்பங்கள் வாழ்கின்ற இரண்டு வீடுகளில் ஒன்று மாதத்துக்கு 45 அலகையும் மற்றது 95 அலகையும் பாவிக்கக்கூடும். அந்த இடைவெளி இரு வீட்டாருக்குமே தெரியாமல் ஆண்டுகள் கழிந்துவிடுவதும் இயல்பே. மின்மானி வாசிப்பாளர் தந்து செல்லும் பட்டியலில் முன்னைய வாசிப்பு, தற்போதைய வாசிப்பு, இரண்டுக்கும் இடையிலான அலகுகள், அவை பாவிக்கப்பட்ட நாட்கள், செலுத்த வேண்டிய தொகை ஆகிய யாவும் இருக்கின்றன. 95 அலகு என்பது நான்கு பேருக்குக் கூடுதலா குறைவா என்ற கேள்விக்கு மட்டும் அதில் விடை இல்லை. கணித பாடத்தில் 64 புள்ளி பெற்ற மாணவர் வகுப்பின் சராசரியை அறியாத வரையில் தமது நிலையை மதிப்பிட முடியாததைப் போலவே, அயல் வீடுகளின் பாவனையை அறியாத குடும்பமும் தனது எண்ணுக்குப் பொருள் காண முடியாமல் இருக்கிறது. விடுபட்ட அந்த எண்ணைப் பட்டியலோடு சேர்த்துக் கொடுத்தால் மக்கள் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துவார்களா என்பதை உளவியலாளரும் பொருளியலாளரும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பரிசோதித்து வந்துள்ளனர். அவர்கள் கண்டவை எவை, அவற்றை உண்மையென எவ்வாறு உறுதிசெய்தனர், வன்னியில் இம்முறை எந்த நிபந்தனைகளின் கீழ் பொருந்தும் என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

கண்ணுக்குத் தெரியாத பாவனை

பேச்சில் 'யூனிற்' என்று வழங்கும் அலகு, 1,000 வாற் வலுவுடைய ஒரு கருவி ஒரு மணி நேரம் இயங்கும்போது செலவாகும் மின்சக்தியின் அளவாகும். பாடநூல்கள் இதனைக் கிலோவாற்று மணி என்று குறிப்பிடும். 60 வாற் இழைக்குமிழ் ஒன்று நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 9 அலகு செலவாகிறது. ஏறத்தாழ அதே வெளிச்சத்தைத் தரும் 9 வாற் எல்ஈடி குமிழுக்கு ஒன்றரை அலகும் தேவைப்படுவதில்லை. கிணற்றிலிருந்து நீரிறைக்கும் ஒரு குதிரைவலு மோட்டர், தன்னுள் ஏற்படும் இழப்பையும் சேர்த்து மணிக்கு ஏறத்தாழ ஓர் அலகை எடுப்பதால், நாள்தோறும் ஒரு மணி நேரம் இறைக்கின்ற வீட்டில் அதற்கென்றே மாதம் 30 அலகு போய்விடுகிறது. உறிஞ்சு குழாயின் அடிவால்வு கசிந்து, நீர் ஏறுவதற்கு முன்பே மோட்டர் வெறுமனே ஓடத் தொடங்கினால் இந்தக் கணக்கு இன்னும் உயரும். இவை எளிய பெருக்கல்களே ஆயினும், எல்லாக் கருவிகளின் செலவும் ஒரே மின்மானியில் கூடி மாத முடிவில் ஒரே எண்ணாக வெளிவருவதால், எது எவ்வளவைத் தின்றது என்பது வீட்டாருக்குப் புலப்படுவதில்லை.

போர்க்காலத்தின் பெரும்பகுதியில் ஓமந்தைக்கு வடக்கேயுள்ள வன்னி தேசிய மின்வலையமைப்பின் தொடர்பின்றி இருந்தபோது நிலைமை வேறாக இருந்தது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதாகி, ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்துச் சிறிதளவு எண்ணெயில் எரியவிடும் விளக்குகள் புழக்கத்துக்கு வந்த அக்காலத்தில், எவ்வளவு தீர்ந்தது என்பதைப் போத்தலைப் பார்த்தே எவரும் சொல்லக்கூடியதாக இருந்தது. அயல் வீட்டில் எத்தனை விளக்கு எரிகிறது என்பதும் வேலிக்கு இப்பாலிருந்தே தெரிந்தது. 2009 இல் போர் முடிந்த பின்னரான மீள்குடியேற்றத்தோடு மின்கம்பிகள் வந்து சேர்ந்தபோது வாழ்க்கை இலகுவாயிற்று. ஆனால் தன் வீட்டுப் பாவனை, அயல் வீட்டுப் பாவனை ஆகிய இரண்டும் ஒருசேரக் கண்ணிலிருந்து மறைந்தன. ஒப்பீட்டுப் பட்டியல் என்பது இவற்றுள் இரண்டாவதை மீண்டும் கண்முன் கொண்டுவர முயலும் ஓர் உத்தியாகும்.

இரு வகை நெறிகள்

பிறர் எப்படி நடக்கிறார்கள், எப்படி நடப்பதை அவர்கள் சரியெனக் கொள்கிறார்கள் என்பன பற்றி ஒருவரிடம் உள்ள அறிவைச் சமூக உளவியலாளர் சமூக நெறி என்பர். அமெரிக்க உளவியலாளர் றொபேட் சியால்டினியும் அவருடன் பணியாற்றியோரும் இதனை இரண்டாகப் பிரித்தனர்: பெரும்பாலோர் உண்மையில் எதைச் செய்கிறார்கள் என்பது நடைமுறை நெறி, எதைச் செய்வதை அவர்கள் ஏற்கிறார்கள் என்பது ஏற்பு நெறி. கோயில் வீதியில் பொலித்தீன் பைகள் சிதறிக் கிடப்பதைக் காண்பவர் நடைமுறை நெறியை அறிகிறார்; அப்படிப் போடுவதை ஊரார் வெறுக்கிறார்கள் என்று அவர் அறிந்திருப்பது ஏற்பு நெறி. இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தலாம், ஒன்றுக்கொன்று எதிராகவும் இழுக்கலாம் என்பதே இப்பிரிப்பின் பயன்.

அந்த இழுவிசையை அளந்து காட்டிய பரிசோதனையை வெஸ்லி ஷுல்ட்ஸ், ஜெசிக்கா நோலன், சியால்டினி முதலிய ஐவர் கலிபோர்னியாவின் சான் மார்க்கொஸ் நகரில் ஏறத்தாழ 290 வீடுகளில் நடத்தி 2007 இல் வெளியிட்டனர். ஆய்வாளர்கள் மின்மானிகளைத் தாமே வாசித்து, ஒவ்வொரு வீட்டு வாசற்கதவின் கைபிடியிலும் ஓர் அட்டையைத் தொங்கவிட்டனர். அவ்வீடு அண்மைக் காலத்தில் எவ்வளவு பாவித்தது, அப்பகுதி வீடுகளின் சராசரி எவ்வளவு என்ற இரண்டு எண்களோடு சிக்கனத்துக்கான சில யோசனைகளும் அதில் இருந்தன. வீடுகளுள் ஒரு பகுதிக்கு இவற்றோடு ஒரு முகமும் வரையப்பட்டது: சராசரிக்குக் குறைவாகப் பாவித்த வீட்டுக்குச் சிரித்த முகம், கூடுதலாகப் பாவித்த வீட்டுக்கு வாடிய முகம்.

முகம் இல்லாத அட்டைகளைப் பெற்ற வீடுகளில், சராசரிக்கு மேலே இருந்தவை எதிர்பார்த்தபடி பாவனையைக் குறைத்தன. சராசரிக்குக் கீழே இருந்தவையோ பாவனையைக் கூட்டின. பிறரைவிடக் குறைவாகவே பாவிக்கிறோம் என்ற செய்தி, இன்னும் சிறிது பாவிக்கலாம் என்ற அனுமதியாக அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. எறிந்தவரையே நோக்கித் திரும்பும் கருவியின் பெயரால் இதனை வளைதடி விளைவு எனலாம். சிரித்த முகம் வரையப்பட்ட வீடுகளில் இந்த விளைவு தோன்றவில்லை. அவை தமது குறைந்த பாவனையிலேயே நின்றன. எண் நடைமுறை நெறியைச் சொல்லிச் சராசரியை நோக்கி இழுத்தபோது, முகம் ஏற்பு நெறியைச் சொல்லி அந்த இழுவையைத் தடுத்தது.

மக்கள் தம்மை இயக்குவது எது என்று தாமே அறிந்திருப்பதில்லை என்பதை நோலன் தலைமையில் 2008 இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு காட்டியது. மின்சிக்கனத்துக்குக் காரணம் என்னவென்று 810 கலிபோர்னியரிடம் கேட்டபோது சுற்றாடல், சமூகப் பொறுப்பு, பணம் ஆகியவற்றை முன்வைத்து, அயலவரின் நடத்தையை அவர்கள் கடைசியில் வைத்தனர். ஆனால் அவர்கள் கூறிய சிக்கன முயற்சிகளோடு மிக நெருங்கிப் பொருந்தி நின்றது அயலவர் பற்றிய அவர்களின் எண்ணமே. இதே காரணங்களைத் தனித்தனி அட்டைகளில் எழுதிக் கதவுகளில் தொங்கவிட்டபோதும், அயலவர் சிக்கனப்படுத்துகிறார்கள் என்ற அட்டையே மின்மானியில் அதிகக் குறைவை ஏற்படுத்தியது. அந்த அட்டையைப் பெற்றவர்களோ அது தம்மைப் பெரிதாகத் தூண்டவில்லை என்றே சொன்னார்கள். சொல்லைக் கேட்பதோடு நின்றுவிடாமல் மின்மானியை வாசிக்க வேண்டியதன் தேவை இதனால் விளங்கும்.

காரணத்தைப் பிரித்தறிதல்

ஒரு மாதம் அட்டை கொடுத்து, அடுத்த மாதம் பாவனை குறைந்திருந்தால், அட்டையே காரணம் என்று முடிவுகட்டுவதில் இரண்டு பிழைகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, அதே காலத்தில் வேறு பல காரணங்களும் இயங்கியிருக்கலாம். இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தது. அக்காலத்தில் ஒப்பீட்டு அட்டைகளை விநியோகித்த ஒருவர் இருந்திருந்தால், பாவனையில் கண்ட வீழ்ச்சி முழுவதையும் தமது அட்டையின் வெற்றியாக எண்ணி ஏமாந்திருப்பார்.

இரண்டாவது பிழை நுட்பமானது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வந்த உறவினர் தங்கியிருந்த மாதத்தில் முள்ளியவளை வீடொன்றின் பாவனை உயர்ந்து, அடுத்த மாதம் எவருடைய அறிவுரையுமின்றி வழமைக்குத் திரும்பும். ஏதோவொரு மாதத்தில் மிகக் கூடுதலாகப் பாவித்த வீடுகளைத் தெரிந்தெடுத்தால், அவற்றுள் இத்தகைய தற்செயல் உயர்வு கொண்டவை நிறைந்திருக்கும். அவை அடுத்த மாதம் தாமாகவே இறங்கும். மிகக் குறைவாகப் பாவித்தவை அதே நியாயத்தால் தாமாகவே ஏறும். புள்ளிவிபரவியலில் இதற்குச் சராசரி நோக்கிய மீள்வு என்று பெயரிடலாம். மேலே இருந்தவை இறங்கின, கீழே இருந்தவை ஏறின என்ற சான் மார்க்கொஸ் முடிவும் இந்த மீள்வுதானோ என்ற ஐயம் எழுவது நியாயமே. குறைவாகப் பாவித்த வீடுகளைப் பொறுத்தவரை அந்த ஐயத்துக்கு அப்பரிசோதனையின் அமைப்பிலேயே விடை உண்டு: மீள்வு மட்டும் இயங்கியிருந்தால் முகம் பெற்ற வீடுகளும் பெறாத வீடுகளும் ஒரே விதமாக ஏறியிருக்க வேண்டும்; முகம் பெறாதவை மட்டுமே ஏறியதால் அந்த வேறுபாட்டுக்கு முகமே காரணமாகிறது. கூடுதலாகப் பாவித்த வீடுகளின் வீழ்ச்சியில் எவ்வளவு பங்கு அட்டைக்கு உரியது என்பதைச் சொல்வதற்கோ, அட்டையே பெறாத வீடுகளும் தேவைப்படுகின்றன.

அத்தகைய வீடுகளின் தொகுதியே கட்டுப்பாட்டுக் குழு. எந்த வீடு எந்தக் குழுவில் சேரும் என்பதைத் திருவுளச்சீட்டுப் போல விருப்பு வெறுப்பின்றித் தீர்மானிப்பது எழுமாற்று ஒதுக்கீடு. வீடுகள் போதிய எண்ணிக்கையில் இருந்து இவ்வாறு பிரிக்கப்பட்டால், மின்வெட்டும் கட்டண உயர்வும் பொங்கல் விருந்தினரின் வருகையும் இரு குழுக்களையும் ஏறத்தாழச் சமமாகவே பாதிக்கும். இறுதியில் குழுக்களிடையே எஞ்சும் வேறுபாடு அட்டையினுடையதாகவே இருக்கும்.

இரண்டு சதவீதத்தின் பெறுமதி

2007 இல் தொடங்கப்பட்ட ஓப்பவர் என்ற அமெரிக்க நிறுவனம் இந்த முறையைப் பெருமளவில் நடைமுறைப்படுத்தியது. மின்விநியோக நிறுவனங்களுக்காக அது அனுப்பிய அறிக்கையில், ஒவ்வொரு வீடும் அளவிலும் வெப்பமூட்டும் முறையிலும் தன்னை ஒத்த ஏறத்தாழ 100 அயல் வீடுகளோடு ஒப்பிடப்பட்டது. அவற்றின் சராசரியோடு, மிகச் சிக்கனமான ஐந்திலொரு பங்கு வீடுகளின் அளவும் காட்டப்பட்டது. வாடிய முகத்தைக் கண்ட வாடிக்கையாளர் சிலர் சினந்ததால் அது கைவிடப்பட்டு, சிரித்த முகம் மட்டும் எஞ்சியது. அறிக்கை பெறும் வீடுகளும் பெறாத வீடுகளும் எழுமாற்றாகத் தெரியப்பட்டதால், வணிகத் திட்டமே பெரும் பரிசோதனையாகவும் அமைந்தது.

இவற்றுள் ஏறத்தாழ 6 இலட்சம் வீடுகளின் தரவுகளை ஆராய்ந்து பொருளியலாளர் ஹண்ட் ஆல்கொட் 2011 இல் வெளியிட்ட முடிவின்படி, அறிக்கை பெற்ற வீடுகளின் பாவனை சராசரியாக 2 சதவீதம் குறைந்தது. கேட்பதற்குச் சிறிதாயினும், அதே குறைவைக் குறுங்காலத்தில் கட்டணத்தால் ஏற்படுத்துவதாயின் 11 முதல் 20 சதவீத உயர்வு வேண்டியிருக்கும் என்று அவர் மதிப்பிட்டார். இந்தச் சராசரிக்குள் பெரும் ஏற்றத்தாழ்வு இருந்தது: முன்னர் மிக அதிகமாகப் பாவித்த பத்திலொரு பங்கு வீடுகள் 6.3 சதவீதம் குறைத்தன. மிகக் குறைவாகப் பாவித்த பத்திலொரு பங்கில் குறைவு 0.3 சதவீதமே. ஆல்கொட்டும் டொட் ரொஜர்ஸும் 2014 இல் வெளியிட்ட தொடராய்வு, ஆரம்ப அறிக்கைகள் வந்தவுடன் பாவனை சட்டெனக் குறைந்து மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு ஏறுவதையும், அறிக்கைகள் தொடரத் தொடர அந்த ஏற்றம் மட்டுப்படுவதையும், இரண்டு ஆண்டுகளின் பின் அறிக்கை நிறுத்தப்பட்ட வீடுகளில் விளைவு ஆண்டுக்கு 10 முதல் 20 சதவீதம் என்ற அளவில் மட்டுமே தேய்வதையும் காட்டியது. சில மாத உற்சாகமாகத் தொடங்கியது காலப்போக்கில் பழக்கமாகப் படிந்துவிடுகிறது என்பதே இதன் பொருள்.

ஓரிடத்து முடிவை இன்னோர் இடத்துக்கு அப்படியே எடுத்துச் செல்லக் கூடாது என்பதையும் இந்த ஆய்வுகளே எச்சரிக்கின்றன. 111 பரிசோதனைகளில் 86 இலட்சம் வீடுகளின் தரவுகளை ஆராய்ந்த ஆல்கொட், முதல் பத்து இடங்களில் கிடைத்த வெற்றியை வைத்துக் கணித்ததைவிடப் பிந்திய இடங்களில் விளைவு குறைவாக இருந்ததை 2015 இல் எடுத்துக்காட்டினார். முறையை முந்திக்கொண்டு ஏற்ற ஊர்கள் ஏற்கெனவே அதற்கு இசைவானவையாக இருந்தமையே காரணம். இந்திய நகர்ப்புறக் குடும்பங்களிடையே அனந்த் சுதர்சன் நடத்தி 2017 இல் வெளியிட்ட பரிசோதனையிலோ, வாராந்த ஒப்பீட்டு அறிக்கைகள் கோடைகாலப் பாவனையை 7 சதவீதம் குறைத்தன. அதே ஒப்பீட்டோடு பண ஊக்குவிப்பும் சேர்க்கப்பட்ட வீடுகளில் அந்தக் குறைவு காணப்படவில்லை. அயலவரை நோக்கியிருந்த கவனம் பணக்கணக்கின் பக்கம் திரும்பியதும், கிடைக்கும் சிறு தொகைக்கு இவ்வளவு சிரமம் தேவையா என்ற கேள்வி எழுந்திருக்கக்கூடும். இரண்டு தூண்டுதல்கள் எப்போதும் கூட்டல் கணக்காக அமைவதில்லை.

வன்னியில் அயலவர் யார்?

ஒப்பீட்டுக்கு ஏற்ற வீடுகள் வன்னியில் உண்டு. 2010 இல் அறிவிக்கப்பட்ட, 50,000 வீடுகளுக்கான இந்திய வீட்டுத்திட்டம் உட்படப் பல திட்டங்களின் கீழ், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் அளவிலும் அமைப்பிலும் ஒத்த வீடுகள் வரிசையாக எழுந்தன. ஆயினும் சுவர்கள் ஒத்திருப்பதால் பாவனை ஒத்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு வளவில் குடிநீருக்கு மட்டும் கிணறு இறைக்கப்படும். அடுத்த வளவில் மிளகாயும் கச்சானும் அதே வீட்டு மின்மானியிலிருந்து ஓடும் மோட்டரால் நீர் பெறும். வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களில் இவ்விரு வீடுகளும் அருகருகே நின்று, மே முதல் செப்டெம்பர் வரையான வறட்சியில் வெகுதூரம் விலகிவிடும். தோட்டக்காரரை வீண்செலவாளி என்று காட்டும் பட்டியல் அவரிடம் சினத்தை மட்டுமே விளைவிக்கும். வாசலில் சிறுகடை வைத்துக் குளிர்சாதனப் பெட்டியை ஓட விடும் வீட்டுக்கும் இது பொருந்தும்.

வெளிநாட்டிலோ கொழும்பிலோ வாழ்பவர்களின் பூட்டிய வீடுகள் இன்னொரு சிக்கல். உதாரணத்துக்கு ஓர் ஒழுங்கையில் ஒன்பது வீடுகள் இருப்பதாகக் கொள்வோம்: இரண்டு பூட்டியவை, பாவனை 0, ஆறு வீடுகள் முறையே 52, 56, 60, 64, 66, 68 அலகு, தோட்ட மோட்டர் உள்ள ஒன்பதாவது வீடு 240 அலகு. இவற்றின் சராசரி ஏறத்தாழ 67. அதை அளவுகோலாக்கினால் சாதாரண வீடுகள் ஆறில் ஐந்து சிக்கனமானவையாகத் தோன்றி, வளைதடி விளைவுக்கு இடம் தரும். பெறுமானங்களை ஏறுவரிசையில் அடுக்கி நடுவிலுள்ளதை எடுப்பது இடையம். ஒன்பது வீடுகளுக்கும் அது 60, பூட்டிய வீடுகளை நீக்கினால் 64. தோட்ட மோட்டரின் 240 அலகு சராசரியைத் தூக்கிவிட்டதைப் போல இடையத்தைத் தூக்க முடியாது என்பதால், சிறிய ஊர்களில் இடையமே நம்பத்தக்க அளவுகோல்.

இலங்கையின் கட்டண முறை இந்த எச்சரிக்கையை மேலும் கூர்மையாக்குகிறது. 30 நாட்களுக்கு 60 அலகு வரை பாவிக்கும் வீட்டுக்கு ஒரு கட்டண அட்டவணையும், அந்த எல்லையைத் தாண்டும் வீட்டுக்கு முதலாவது அலகிலிருந்தே வேறோர் அட்டவணையும் பொருந்துகின்றன. 55 அலகு பாவிக்கும் குடும்பத்திடம் அயலவரின் அளவு 64 என்று மட்டும் சொல்லி, அதனால் அக்குடும்பம் தளர்ந்து 61 ஐத் தொட்டால், கூடிய ஆறு அலகுக்கு மட்டுமன்றி எல்லா அலகுகளுக்கும் அது கூடுதலாகச் செலுத்த நேரும். கலிபோர்னியாவில் வளைதடி விளைவு சிக்கனத்துக்கு இழப்பாக இருந்தது. இங்கு அது ஏழைக் குடும்பத்தின் கைக்காசுக்கும் இழப்பு.

எல்லாவற்றிலும் கவனமாகக் கையாள வேண்டியது குறைந்த எண்ணின் பொருள். மாதம் 20 அலகு பாவிக்கும் வீடு சிக்கனமானதாக இருக்கலாம். அல்லது போரில் துணையை இழந்த பெண்ணொருவர் தனித்துத் தாங்கும், குளிர்சாதனப் பெட்டியோ மின்விசிறியோ வாங்க இயலாத வீடாக இருக்கலாம். அங்கே சிரித்த முகத்தை அச்சிடுவது வறுமைக்குப் பாராட்டுத் தெரிவிப்பதாகும். மாணவர் படிக்கும் மேசைக்கு மேலுள்ள குமிழையும் அணைக்கத் தூண்டினால் அது தீங்குமாகும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த கிராமத்தில் நாலைந்து வீடுகளின் சராசரியை வைத்தே எவருடைய பாவனை எவ்வளவு என்பது எளிதில் ஊகிக்கப்படும் என்பதால், ஒப்பீட்டின் எல்லை ஒழுங்கையைத் தாண்டிக் கிராம அலுவலர் பிரிவு வரையாவது விரிய வேண்டும். பரிசோதனைக்கும் அதுவே உகந்தது: கிணற்றடியிலும் கடையிலும் அயலவர் பட்டியலைப் பற்றிப் பேசிக்கொள்வதால் வீட்டுக்கு வீடு சீட்டுப் போட்டால் கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் செய்தி கசியும், பிரிவுகளை முழுமையாக எழுமாற்றுக்கு உட்படுத்தினால் அந்தக் கசிவு பெரிதும் குறையும்.

மாதம் 80 அலகு பாவிக்கும் 100 வீடுகளில் 2 சதவீதம் என்பது 160 அலகு, அதாவது இரண்டு வீடுகளின் முழுப் பாவனை. தனி வீடு ஒன்றுக்கு அது 1.6 அலகு, பட்டியலில் கண்ணுக்கே படாத தொகை. விளைவின் பெரும்பங்கு அதிகம் பாவிப்போரிடமிருந்து வருவதாலும், குறைவாகப் பாவிப்போரிடம் நன்மை மிகச் சிறிதாயிருக்கத் தீங்குக்கு இடம் இருப்பதாலும், வன்னியில் இம்முறை தொடங்கத்தக்க இடம் மாதம் 90 அலகுக்கு மேல் பாவிக்கின்ற, தோட்ட மோட்டரோ கடையோ இல்லாத வீடுகளாகும். மின்மானி வாசிப்புகள் மின்விநியோக நிறுவனத்திடம் ஏற்கெனவே உள்ளன. குடும்பத்தில் எத்தனை பேர், மோட்டர் எதற்குப் பாவிக்கப்படுகிறது, கடை உண்டா, வீடு பூட்டிக் கிடக்கிறதா என்ற நான்கு விபரங்களைச் சேர்த்தால் நியாயமான அயலவர் குழுவை அமைத்துவிடலாம். அந்த விபரங்களைச் சேர்க்காமல் சராசரியை மட்டும் அச்சிடுவதைவிடப் பட்டியலை இப்போதுள்ளபடியே விட்டுவிடுவது நன்று.